திரையில் ஒட்டியிருந்த மஞ்சள்

கூலாய் என்ற ஊரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடிகள் செய்கிறார்கள். ஷாம்பு புட்டிக்கு, சாஸ் புட்டிக்கு, கார் எண்ணெய் டின்னுக்கு. மூடிகள் பெல்ட்டில் வரிசையாக வரும். கோணலாக வந்ததை எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். பள்ளிக்கூடம் முடித்த சில வருடங்களில் சேர்ந்தவள் இன்னமும் அதே பெல்ட் பக்கத்தில்தான் நிற்கிறேன். நிற்கிறேன் என்பதைச் சும்மா சொல்லவில்லை. உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இல்லை அது. இப்போது முட்டி இரண்டும் படி ஏறும்போது சத்தம் போடுகின்றன.

பெல்ட்டுக்கு எதிரே கண்ணாடி அறை ஒன்று இருக்கிறது. தரம் பார்க்கும் அறை. அங்கே ஏர்கண்டும் சக்கரம் வைத்த நாற்காலியும் உண்டு. அதில் இருந்த பெண் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். எங்கள் சூப்பர்வைசர் மலாய்ப் பெண், என்னைவிட வயதில் மிகவும் இளையவள். ஒரு நாள் தேநீர் இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "காக், அந்த நாற்காலிக்கு உங்க பேரச் சொல்லட்டா? மூடியப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? கம்ப்யூட்டர்ல எண்ண மட்டும் போடணும். தா சூசா லா, கஷ்டமே இல்ல" என்று மலாயில் சொன்னாள். காக் என்றால் அக்கா.

நான் சிரித்தேன். எனக்கு என்ன சொல்வது என்று தெரியாத போதெல்லாம் சிரிப்பேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் பழகிக்கொள்ளச் சொன்னாள்.

கம்ப்யூட்டரை நான் தொட்டதே இல்லை. தொழிற்சாலையில் பழகலாம்தான். ஆனால் கண்ணாடி அறை என்றால் நான்கு பக்கமும் கண்ணாடி. நான் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவதைப் பெல்ட்டில் நிற்கும் அத்தனை பேரும் பார்ப்பார்கள். யாரும் கேலி செய்ய மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முடியாது. கடையில் மீதிச் சில்லறை தவறாக வந்தால்கூட வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்துவிடுகிறவள் நான்.

அதனால் வீட்டிலேயே பழகலாம் என்று பழைய லேப்டாப் ஒன்றை ஆன்லைனில் தேடினேன். சிகாமட் ஊரில் ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய பக்கத்தில் எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். நான் மலாயில் கேள்வி கேட்டேன். என் பெயரைப் பார்த்துவிட்டு அவர் தமிழில் பதில் எழுதினார், ஆங்கில எழுத்தில். "nalla saaman akka, bayappadaama edunga." பயப்படாமல் எடுங்கள் என்று அவர் எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. பயப்படுகிற ஆள் என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ.

என்னோடு என் அக்கா இருக்கிறாள். அத்தான் காலமான பிறகு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எனக்கும் சேர்த்துப் பேசுகிறவள். கிளினிக்கில் எனக்கு எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் அக்காதான் சொல்வாள். சில சமயம் எனக்கு இல்லாத வலியையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். நாற்காலி வேலையைப் பற்றிச் சொன்ன அன்று என்னைவிட அவளுக்குத்தான் சந்தோஷம். பக்கத்து வீடு, எதிர் வீடு, மீன் வண்டிக்காரர் வரைக்கும் சொல்லிவிட்டாள். "என் தங்கச்சி இனிமே ஆபீஸ்ல உக்காரப் போறா." இன்னும் ஆகவில்லை என்று நான் பின்னால் நின்று முணுமுணுப்பேன். யாருக்கும் கேட்காது.

லேப்டாப் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. நான் வேலையில் இருந்தேன். வேலை விட்டு வந்தபோது வீடு முழுக்கச் சாம்பிராணி வாசம். கூடத்துச் சாமி மேடைக்குக் கீழே, கோலம் போட்ட பலகையில் லேப்டாப் மூடியபடி இருந்தது. மேலே சந்தனமும் குங்குமமும். மல்லிகைப்பூ ஒரு முழம். தேங்காய் உடைத்து வைத்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமையா பாத்து வந்திருக்கு பாத்தியா" என்றாள். "நீ வர்ற வரைக்கும் வச்சிருந்தா நல்ல நேரம் போயிடும். அதான் நானே பிரிச்சுப் படைச்சுட்டேன். போய்க் குளிச்சிட்டு வந்து தொடு."

குளித்துவிட்டு வந்து, கும்பிட்டு, மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினேன். அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்றாள். கருப்பாக இருந்த திரையில் வெளிச்சம் வந்தது. வலது பக்க மேல் மூலையில் மை கொட்டியதுபோல் ஒரு கருப்புத் திட்டு. அதிலிருந்து பச்சையிலும் ஊதாவிலும் கோடுகள் கீழே வரைக்கும் போயின. நடுவில் ஏதோ எழுத்து வந்தது, பாதிதான் தெரிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் திட்டு இன்னும் கொஞ்சம் பெரிதானது.

"இது இப்படித்தான் இருக்குமா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லக்கா. உடைஞ்சிருக்கு."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நம்ம ஆளுன்னு நம்பி வாங்கினா, நம்ம தலையிலயே மொளகா அரைச்சிட்டானே. போனக் குடு."

நான் எழுதிக் கேட்கலாம் என்றேன். அவள் விடவில்லை. நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஹலோ, தம்பி. உடைஞ்ச சாமானத்தான் நல்ல சாமான்னு வித்தீங்களா?"

அவருக்கு முதலில் யாரென்றே புரியவில்லை. புரிந்ததும், "ஐயோ, இல்லம்மா, நான் போட்டுப் பாத்துட்டுத்தான் பேக் பண்ணேன்" என்றார். இளம் குரல். பின்னால் குழந்தை அழுவது கேட்டது. "வீடியோகூட எடுத்து வச்சிருக்கேன். இப்பவே அனுப்புறேன் பாருங்க."

"வீடியோவுல ஆயிரம் காட்டலாம்."

"இல்லம்மா, அதே சாமான்தான். சாமான் நம்பர்கூட அதுல தெரியும். கொரியர்ல கீழ கீழ போட்டாங்களோ என்னமோ. பெட்டி நசுங்கியிருந்துச்சா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அட்டைப் பெட்டியைப் பார்த்தேன். நான்கு மூலையும் ஒழுங்காக இருந்தது. உள்ளே காற்றுக் குமிழ் பிளாஸ்டிக் மூன்று சுற்று. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா, ஏதோ அதுவும் அவர் செய்த குற்றம் போல.

அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. உள்ள ஏதாச்சும் வச்சு மூடினீங்களா? பேனா, சார்ஜர் தலை, அந்த மாதிரி? ஸ்க்ரீன் போறது பாதி அதனாலதான்."

"நாங்க என்ன சின்னப் பிள்ளைங்களா, பேனாவ வச்சு மூட? இந்த வீட்டுல பேனாவே கெடையாது. ரெண்டு பொம்பளைங்க இருக்கோம், சத்தம் போட மாட்டோம்னு பாக்குறீங்களா? ஒரு ஸ்டார்தான் போடுவேன். ஏன் போட்டேன்னும் எழுதுவேன்."

நட்சத்திரம் என்றதும் அவர் குரல் மாறிவிட்டது. "அம்மா, அத மட்டும் செஞ்சிடாதீங்க. வெள்ளத்துல கடை போனதுலேர்ந்து இது ஒண்ணுதான் எனக்கு. ஒரு ஸ்டார் விழுந்தா ஆப்ல கீழ தள்ளிடுவாங்க, யாரு கண்ணுக்கும் தெரிய மாட்டேன். நீங்க ரிட்டர்ன் போடுங்க. வரும்போதே உடைஞ்சிருந்துச்சுன்னு போடுங்க. நான் மறுப்புச் சொல்லாம ஏத்துக்கிறேன். காசு முழுசா வந்துடும்."

போனை வைத்ததும் அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பாத்தியா? கேக்குற விதத்துல கேட்டா வரும்."

நான் அவளை மெச்சிக்கொண்டேன் என்பதையும் எழுத வேண்டும். இவள் இல்லாவிட்டால் உடைந்த லேப்டாப்பைத் துணி போட்டு மூடி அலமாரி மேலே வைத்திருப்பேன். காசு திரும்ப வந்தால் வேறொன்று வாங்கலாம். மாதம் முடிவதற்குள் பழகிவிடலாம். நாற்காலி கைக்கு வந்துவிட்டது போலவே தோன்றியது.

மறுநாள் அரை நாள் வேலை. மதியம் வந்து, திருப்பி அனுப்ப எல்லாவற்றையும் கூடத்தில் எடுத்து வைத்தேன். மூடிமேல் இருந்த சந்தனத்தை ஈரத் துணியால் துடைத்தேன். விற்றவருக்குச் சந்தனத்தோடு அனுப்பினால் நன்றாக இருக்காதே. பிறகு திறந்து உள்ளேயும் துடைக்கலாம் என்று ஜன்னல் பக்கம் திருப்பினேன். திரை அணைந்திருந்ததால் உடைந்ததே தெரியவில்லை. கருப்பாக, சுத்தமாக இருந்தது. வெயில் சாய்வாகப் பட்டபோதுதான் வலது பக்க மேல் மூலையில் ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். விரல் நுனி அளவு வட்டம். மஞ்சள். துடைத்தால் துணியில் வந்தது. முகர்ந்து பார்த்தேன். குழைத்த மஞ்சள்தான். எதிரே, எழுத்துப் பலகைக்குக் கீழே கை வைக்கும் இடத்திலும் அதே அளவில் மங்கலாக இன்னொரு வட்டம். மூடினால் இரண்டும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று வரும்.

"அக்கா, இதுக்கு உள்ள எப்படி மஞ்சள் வந்துச்சு?"

அக்கா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அங்கிருந்தே சொன்னாள், கொஞ்சமும் யோசிக்காமல். "காசு வச்சேன்ல."

"என்ன காசு?"

"புதுப் பெட்டிய வெறுமனே மூடலாமா? பர்ஸ் வாங்கினாலும் பெட்டி வாங்கினாலும் ஒரு காசு போட்டுத்தானே மூடணும். இருபது காசு ஒண்ணு எடுத்து, மஞ்சள் தடவி, உள்ள வச்சு மூடினேன். சனியன், ஒழுங்கா மூடவே இல்ல. தேங்கா பழத் தாம்பாளத்த மேல வச்சேன், நல்லா அமுங்கிடுச்சு. சூடம் காட்டினதும் காச எடுத்து உண்டியல்ல போட்டுட்டேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

எங்கள் வீட்டில் அது எப்போதும் உள்ள வழக்கம். யாருக்காவது கைப்பை வாங்கிக் கொடுத்தால் உள்ளே ஒரு காசு போட்டுத்தான் கொடுப்போம். அரிசி டின் புதிதாக வாங்கினால் ஒரு பிடி அரிசி போட்டுத்தான் மூடுவோம். வெறுமையாக மூடினால் அந்தப் பெட்டி வெறுமையாகவே இருக்கும் என்று நம்பிக்கை. அக்காவுக்கு லேப்டாப் என்பது திறந்து மூடுகிற ஒரு பெட்டி. என் சம்பளம் இனி வரப்போகும் பெட்டி. அதை அவள் வெறுமையாக மூடுவாளா?

துணியை மடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பேனாவா, சார்ஜர் தலையா என்று அவர் கேட்டபோது அக்கா பொய் சொல்லவில்லை. அவர் காசு என்று கேட்கவில்லை. சாமிக்கு வைத்ததை ஏதோ சாமான் வைத்ததோடு சேர்த்து அவள் நினைக்கவே மாட்டாள்.

போனில் திருப்பி அனுப்பும் பக்கத்தைத் திறந்தேன். காரணத்தைத் தேர்ந்தெடு என்று வரிசையாக இருந்தது. வரும்போதே சேதமடைந்திருந்தது என்பது இரண்டாவது வரி. அதை ஒரு தட்டுத் தட்டினால் போதும். அவரே அப்படிப் போடச் சொல்லியிருந்தார். நான் போட்டால் பொய் என்று அவருக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. காசு வரும், வேறு லேப்டாப் வரும், நாற்காலி வரும். உண்மையைச் சொன்னால் அது எதுவும் வராது. அதோடு அக்காவின் கையால் உடைந்தது என்பதை அவளிடம் சொல்ல வேண்டி வரும். சாமி முன்னால், அவ்வளவு ஆசையாக வைத்த காசால்.

விரல் அந்த வரிக்கு மேலே நின்றது. என்னை அறிந்தவர்கள் இதை நம்புவார்கள்: நேர்மை பெரிது என்றெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்தக் குழந்தை அழுத சத்தம்தான் நினைவுக்கு வந்தது. அவர் குழந்தையை எடுக்கக்கூடப் போகாமல் அக்காவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் பேசுவேன். செய்யாத தப்புக்கு மறுப்புச் சொல்லாமல் ஏத்துக்கிறேன் என்று சொல்கிற ஆட்களின் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். அது என்னுடைய குரல்.

போனை அணைத்துவிட்டேன். ரிட்டர்ன் போட்டாயா என்று அக்கா கேட்டதற்கு, லைன் சரியில்லை, நாளைக்குப் போடுகிறேன் என்றேன்.

ஞாயிறு காலை அக்கா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனாள். கேட்டைப் பூட்டிவிட்டு அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவருக்கு நானே போன் போட்டேன். முதலில் எழுதத்தான் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் தமிழை எழுத எனக்கு வரவில்லை. "kasu vachi" என்று எழுதிப் பார்த்தால் எனக்கே புரியவில்லை.

"ஹலோ, யாரு?"

"தம்பி, நான்தான். லேப்டாப்."

லேப்டாப் என்று என் பெயரைப்போலச் சொன்னேன்.

"அக்கா, சொல்லுங்க. ரிட்டர்ன் இன்னும் வரலையே. அந்த அம்மா ஸ்டார் எதுவும் போட்டுட்டாங்களா?"

"இல்ல. ரிட்டர்ன் வேணாம், தம்பி. அது உங்க தப்பு இல்ல. எங்க வீட்டுலதான் உடைஞ்சது."

"எப்படிக்கா?"

சொன்னேன். வெள்ளிக்கிழமை, படையல், மஞ்சள் தடவிய காசு, தாம்பாளம். எதையும் விடாமல் முழுசாகச் சொன்னேன்.

"அலமாக்!" என்றார். அப்புறம் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து முடியாமல் இன்னும் அதிகமாகச் சிரித்தார். "சாரிக்கா, சாரி. சிரிக்கக் கூடாது. எங்கம்மா புது ஃப்ரிட்ஜு வந்தப்ப உள்ள ஊதுவத்தி கொளுத்தி வச்சு, கதவ மூடிட்டாங்கக்கா. பால் குடிச்சா கோயில்ல தீர்த்தம் குடிச்ச மாதிரி இருக்கும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. முன்பின் தெரியாத ஒருவரோடு போனில் சிரித்தது எனக்கு ஞாபகம் தெரிந்து அதுதான் முதல் தடவை.

சிரித்து முடித்ததும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அக்கா, உண்மையச் சொல்லட்டா? அந்த வீடியோவ நான் போட்டுப் போட்டுப் பாத்தேன். நான்தான் டேப்ப இறுக்கிச் சுத்திட்டேனோன்னு. வீட்டுக்காரிகூட, நீங்க எப்பவும் அவசரம்தான்னு திட்டினா. இருக்கும்னு நானும் ஒத்துக்கிட்டேன்."

மன்னிச்சிக்குங்க தம்பி என்றேன். அதெல்லாம் வேணாங்கா என்றார்.

புதுத் திரை போடலாமா என்று கேட்டேன். அந்த லேப்டாப் வாங்கிய விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும், வேண்டாம் என்றார். பிறகு, "வீட்டுல டிவி இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. அக்கா நாடகம் பாக்குற டிவி."

"தட்டையான டிவியா? அப்ப போதும். ராத்திரிச் சந்தையில, பாசார் மாலாம்லயே ஒரு வயர் கெடைக்கும். ஒரு தலைய லேப்டாப்புல சொருகுங்க, இன்னொண்ண டிவியில. லேப்டாப்புக்கு ஸ்க்ரீன் மட்டும்தான் போயிருக்கு, மத்ததெல்லாம் உயிரோடதான் இருக்கு. டிவியில தெரியும், நீங்க இங்க தட்டுங்க."

எந்தத் துளை, எந்தப் பொத்தானைச் சேர்த்து அமுக்குவது என்று மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார். திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

அக்கா பாசாரிலிருந்து வந்து பைகளை மேஜையில் வைத்ததும், ஆறப்போட்டால் சொல்ல மாட்டேன் என்று உடனே சொன்னேன்.

"அக்கா, ரிட்டர்ன் போடல. போட மாட்டேன்."

"ஏன்டி? பயந்துட்டியா? நான் போடுறேன், குடு."

"அந்தத் தம்பி நல்ல சாமான்தான் அனுப்பியிருக்காரு. நம்ம வீட்டுலதான் உடைஞ்சது."

"நம்ம வீட்டுலயா? யாரு ஒடச்சா? நீயா?"

ஆமாம், நான்தான் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். சொல்லியிருந்தால் எளிதாக முடிந்திருக்கும். ஆனால் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொய் சொன்னால் அவளுக்கு உடனே தெரியும். நேற்று நான் மஞ்சளைப் பற்றிக் கேட்டதும், ஒன்றுமில்லை என்று சொன்னதும் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது.

"அந்தக் காசா?" என்றாள்.

"மூடும்போது திரையில குத்தியிருக்கு. மேல தாம்பாளம் வேற இருந்துச்சுல்ல."

அக்கா உட்காரவில்லை, கத்தவுமில்லை. பையிலிருந்து வெண்டைக்காயை எடுத்துக் கூடையில் கொட்டினாள். ஒவ்வொன்றாக எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்து, முற்றியதைத் தனியாக வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு எப்படித் தெரியும்? கண்ணாடி மாதிரியா இருந்துச்சு அது? தகரம் மாதிரி இருந்துச்சு" என்றாள்.

"யாருக்கும் தெரியாதுக்கா."

"நல்லது நெனச்சுத்தானே வச்சேன்."

"ஆமாக்கா."

அன்றைக்கு அவ்வளவுதான் பேசினோம். பிறகு சில நாள் அக்கா வீட்டுக்குள் ஒரு விருந்தாளி மாதிரி இருந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். எதிர் வீட்டம்மா கேட்டருகே நின்று, "அந்த சிகாமட்காரன் காசத் திருப்பிக் குடுத்துட்டானா?" என்று கேட்டபோது, வேலை இருக்கு என்று உள்ளே வந்துவிட்டாள். அதற்கு முன் அவள் எதையும் மறைத்து எனக்கு ஞாபகமில்லை. சொல்லாமலே விட்டிருக்கலாமோ என்று எனக்கு நாள் முழுக்கத் தோன்றும். பெல்ட்டில் மூடிகள் போய்க்கொண்டே இருக்கும், கோணல் ஒன்றைத் தவறவிட்டுவிட்டு அப்புறம் ஓடிப்போய் எடுப்பேன். சிகாமட்டில் ஒருவரை நிம்மதியாகத் தூங்க வைத்துவிட்டு வீட்டில் ஒருத்தியைத் தூங்கவிடாமல் செய்துவிட்டேன். எது சரி என்று அன்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

வயர் வாங்கி வந்தேன். ஆனால் டிவியை எடுக்கத் துணிவு வரவில்லை. வேலை விட்டு வந்து நான் குளித்து முடிக்கும்போது அக்காவின் நாடகம் ஆரம்பித்துவிடும். ஒன்று முடிந்தால் அடுத்தது. நான் வயரைப் பொட்டலத்தோடு அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஒரு சாயங்காலம் குளித்துவிட்டு வந்தால் டிவி அணைந்திருந்தது. நாடக நேரம். வயர் பொட்டலம் பிரித்து டிவிக்குப் பக்கத்தில் கிடந்தது. அக்கா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஓட்டையில சொருகணும்னு தெரியல. நான் தொட்டா அதுவும் உடையும். நீயே வந்து செய்."

"நாடகம்?"

"அந்த மாமியா செத்தாளா இல்லையான்னு எதிர் வீட்டுல கேட்டுக்கிறேன். செய்."

சிகாமட்காரர் சொன்னபடி செய்தேன். முதலில் டிவி நீலமாக இருந்தது. இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கியதும் சட்டென்று எல்லாம் வந்துவிட்டது. சுவர் பாதி அளவுக்கு. கோடு இல்லை, மை இல்லை. தொழிற்சாலையில் எண் போடுகிற அந்தக் கட்டம் கட்டமான பக்கத்தைத் திறந்தேன்.

"என்னடி இது, ஒரே கட்டமா இருக்கு? ஜாதகமா?"

"மூடிக் கணக்குக்கா."

நாலு பேர் பார்க்கக் கூடாது என்றுதான் வீட்டில் பழகப் பார்த்தேன். கடைசியில் வீட்டிலேயே பெரிய திரையில், கதவு திறந்திருந்தால் தெருவில் போகிறவருக்கும் தெரியும்படி பழகினேன். நான் தவறாகத் தட்டினால் தவறும் அவ்வளவு பெரிதாக வந்தது. எதிர் வீட்டம்மா கம்பி வழியே எட்டிப் பார்த்து, "இது எந்தச் சேனல்?" என்று கேட்டார். முதல் வாரம் உடம்பெல்லாம் கூசியது. அப்புறம் கூச்சப்பட்டுக்கொண்டே தட்டப் பழகிவிட்டேன். கூச்சம் போகவில்லை. அது ஒரு பக்கம் இருந்தது, வேலை ஒரு பக்கம் நடந்தது. இரண்டும் சேர்ந்து இருக்கலாம் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

மாதக் கடைசியில் சூப்பர்வைசர் என்னைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்துப் பார்த்தாள். மெதுவாகத்தான் செய்தேன். முன்பு இருந்த பெண் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை நான் மதியம் வரை இழுத்தேன். எண் எதுவும் தவறவில்லை. இப்போதைக்குக் காலையில் பெல்ட், மதியத்துக்கு மேல் நாற்காலி என்று வைத்திருக்கிறார்கள். முழுசாக எப்போது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதைக் கேட்ட அன்று அக்கா பாயசம் வைத்தாள். சாப்பிட்டு முடித்து நான் கட்டங்களைத் திறக்கும்போது, "அது இருக்கட்டும்" என்றாள். "அந்தத் தம்பிக்கு ஸ்டார் போட்டியா?"

இன்னும் போடவில்லை. ஆப் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது. திரை உடைந்த சாமானுக்கு ஐந்து நட்சத்திரம் என்று போடுவதற்கு முன் அக்காவிடம் கேட்க வேண்டும் என்று தள்ளிப் போட்டிருந்தேன்.

"இப்ப போடு. எனக்குத் தெரியிற மாதிரி டிவியில போடு."

அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஐந்து வெற்று நட்சத்திரங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு.

"அஞ்சையும் அமுக்கு. கீழ எழுத எடம் இருக்குல்ல, அதுல நான் சொல்றத எழுது. தமிழ்லயே எழுது." அக்கா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். "சாமான் நல்லபடியா வந்துச்சு. தம்பி நல்ல மாதிரி. போன் பண்ணா எடுப்பாரு, பொறுமையாப் பேசுவாரு. எழுதிட்டியா?"

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். அக்கா டிவியைப் பார்த்து வாய்க்குள் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள்.

"திரை எங்க வீட்டுல உடைஞ்சது. அவரு மேல தப்பு இல்ல." நிறுத்தினாள். "யாரு ஒடச்சாங்கன்னு எழுத வேணாம்."

"எழுத மாட்டேங்கா."

"இத யாரு வேணாலும் படிப்பாங்களா?"

"படிப்பாங்க. சாமான் வாங்க வர்றவங்க எல்லாரும்."

அக்கா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"அப்ப இன்னும் ஒண்ணு சேத்துக்க" என்றாள். "உள்ள எதையும் வச்சு மூடாதீங்க. சாமி காசா இருந்தாலும் வைக்காதீங்க."

எழுதினேன். அவள் மறுபடியும் மேலேயிருந்து கடைசி வரை படித்தாள். படித்து முடித்துவிட்டு, அனுப்பு என்றாள்.